லீவு நாளில் அரைத்த ராகி

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்குப் பொறுமை இருக்காது என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வது சரிதான். தாலி கட்டுகிற நேரம் பார்த்து கேமராவுக்கு முன்னால் யாராவது அட்சதைத் தட்டோடு வந்து நின்றால், எனக்கு வருகிற கோபம் பெண்ணைப் பெற்றவனுக்குக்கூட வராது. இப்படிப்பட்ட என்னை ஒரு காலை நேரம் முழுக்கச் சும்மா உட்கார வைத்த ஒரே ஆள் உத்தனப்பள்ளி நாராயணம்மா. அன்று வாய்க்குள்ளேயே அவரைத் திட்டித் தீர்த்தேன். இன்று அவரை நினைக்காமல் நான் கேமராவைத் தோளில் தூக்குவதில்லை.

நான் காவேரிப்பட்டினத்துக்காரன், பெயர் பாஸ்கரன். தொண்ணூறுகளில் ஓசூரைச் சுற்றி கம்பெனிகள் பெருகி, வேலைக்கு வந்தவர்கள் தங்க ஊர் ஊராக லைன் வீடுகள் முளைத்தபோது, உத்தனப்பள்ளியில் ஒரு டிஷ்ஷை நட்டு வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்தேன். முகூர்த்த நாளில் கல்யாண வீடியோ, மற்ற நாளில் கேபிள். சாயங்காலப் படத்துக்கு நடுவே உள்ளூர்க் கடைகளின் பெயரை எழுத்தாக ஓடவிடுவேன். ஆள் நடித்து, மிஷின் ஓடி, அசல் விளம்பரப் படம் ஒன்று எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அதற்கு ஒரு கடைக்காரரும் துணியவில்லை.

நாராயணம்மா துணிந்தார். ஒருநாள் புருவமெல்லாம் மாவோடு என் கடை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, என் மில்ல டிவியில காட்டுவியா?"

"எழுத்தா ஓட விடட்டுங்களா?"

"எழுத்த யாரு படிக்கிறாங்க? கல்லு ஓடணும், மாவு கொட்டணும். லைன் வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் தெக்கத்திப் பக்கம் இருந்து வந்ததுங்க. பாக்கெட்டு மாவு வாங்கிட்டுப் போவுதுங்க. இங்க ஒரு மில்லு இருக்குதுன்னே அதுங்களுக்குத் தெரியல. பாதி நாளு மோட்டாரு சும்மா கெடக்குது. இப்பிடியே போனா இந்த வருசத்தோட சாவியத் திருப்பிக் குடுக்க வேண்டியதுதான்."

அந்தச் சாவியைப் பற்றிச் சொல்லாமல் நாராயணம்மாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

உத்தனப்பள்ளிக்கு வெளியே, கூலிக்காரர்கள் தெருவில் பிறந்தவர் அவர். சிறு வயதிலிருந்தே மங்கம்மா வீட்டு நிலத்தில் வேலை. மங்கம்மா வீடு ஊரில் பெரிய விவசாயக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியில் தமிழ், சந்தையில் கன்னடம். ராகி நாற்று நடுவது, களை எடுப்பது, கதிர் அறுப்பது, களத்தில் அடித்துப் புடைப்பது வரை நாராயணம்மாவின் கை படாத வேலை அங்கே இல்லை. மங்கம்மாவின் கணவர் நிலத்தோரம் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் ராகி மில் வைத்திருந்தார். வயல் வேலை இல்லாத நாளில் நாராயணம்மா அங்கே கூட்டிப் பெருக்கப் போவார். பெருக்கிக்கொண்டே பார்த்து, கல் தேய்ந்தால் உளி வைத்துக் கொத்தவும், பெல்ட் நழுவினால் மாட்டவும் கற்றுக்கொண்டார்.

அந்தப் பெரியவர் இறந்த பிறகு மில் பூட்டிக் கிடந்தது. நாராயணம்மாவின் கணவர் மாரிசாமி ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் லோடு ஏற்றுகிறவர். வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒருநாள் நாராயணம்மா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மங்கம்மாவிடம் போய், "மில்ல நான் ஓட்டிப் பாக்கட்டுங்களாம்மா?" என்று கேட்டார். மங்கம்மாவின் கொழுந்தனார் கோவிந்தப்பன் கூடாது என்று குதித்தார். மங்கம்மாவோ இடுப்பில் இருந்த சாவிக்கொத்திலிருந்து மில் சாவியைக் கழற்றி நாராயணம்மாவின் கையில் வைத்தார். கையில் போடவில்லை, வைத்தார். இந்த வித்தியாசத்தை நாராயணம்மா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்த நாளிலிருந்து மங்கம்மா வீட்டு ராகி அந்த மில்லுக்கு வரவில்லை. கோவிந்தப்பன் மூட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர் கெலமங்கலத்துக்குப் போய் அரைத்து வந்தார். அதே கல், அதே கூரை, அதே மோட்டார்தான். ஓட்டுகிற கை மட்டும்தான் மாறியிருந்தது. பெரிய வீடே கெலமங்கலம் போனால் அந்த வீட்டுத் தெருவில் மற்றவர்கள் எங்கே வருவார்கள்? ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாராயணம்மா மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை. "அந்தம்மா குடுத்த சாவி தம்பி. அதுக்கு மேல என்ன கேக்கறது?" என்பார்.

மாரிசாமிதான் ஒருநாள் டீ குடிக்கும்போது போட்டு உடைத்தார். "வெளம்பரம் லைன் வீட்டுக்காரங்களுக்குத்தான்னு சொல்லுவா. நம்பாதீங்க. மங்கம்மா வீட்டு டிவியிலயும் உங்க கேபிள்தானே ஓடுது?"

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

படம் எடுக்க ஒரு நாளைக் குறித்தோம். பெங்களூரிலிருந்து நல்ல கேமரா ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அதை அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுக்க வேண்டும். மறுநாள் வேறு யாருக்கோ முகூர்த்தம். கிளம்பும்போது நாராயணம்மாவிடம், "மில்ல நல்லா ஜோடிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் தூங்கினார்களா என்பதே சந்தேகம். மாரிசாமி உள்ளும் வெளியும் சுவருக்குச் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தார். நீலம் கொஞ்சம் தூக்கலாகி, மில் ரோட்டிலிருந்து பார்த்தால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருந்தது. நாராயணம்மா கூரை வாரையிலிருந்து தரை வரை பல வருஷத்து மாவைத் தட்டித் துடைத்துக் கழுவினார். வீடியோக்காரருக்கு இடைஞ்சலாக யாரும் வந்து நின்றுவிடக் கூடாது என்று தெருத் தெருவாகப் போய், அந்த நாளில் மில்லுக்கு லீவு, யாரும் தானியம் கொண்டு வராதீர்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தார். தேங்காய் உடைக்க மங்கம்மாவையும் அழைத்தார். மங்கம்மாவும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

குறித்த நாள் காலையில் கேமராவோடு போய் இறங்கினேன். வாசலில் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், உடைத்த பூசணிக்காய். உள்ளே மோட்டாருக்குச் சந்தனம், பெல்ட்டுக்குச் சந்தனம், தானியம் கொட்டுகிற தகரத் தொட்டிக்கு மாலை, சல்லடைக்குக் குங்குமம். ஸ்விட்ச்சில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. சாம்பிராணிப் புகையில் எனக்குக் கண் எரிந்தது. ஊதா நிறப் புதுச்சேலையும், தலையில் கனகாம்பரமும், முகத்தில் மஞ்சளுமாக ஒரு அம்மாள் நின்றிருந்தார். அது நாராயணம்மா என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாவு இல்லாத நாராயணம்மாவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. மாரிசாமி கம்பெனி ஹெல்மெட்டோடு நின்றார். "மாவு மில்லுல தலையில என்ன விழப் போவுது?" என்று கேட்டேன். "இருக்கட்டும், மரியாதையா இருக்கும்" என்றார். கழற்றச் சொல்லி அவர் கையில் லைட்டைக் கொடுத்தேன். நான் திரும்புவதற்குள் நாராயணம்மா என் கேமராவின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

மங்கம்மா வந்தார். பட்டுச்சேலையில், கொஞ்சம் கூச்சத்தோடு, போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து தேங்காய் உடைத்தார். அதைப் படம் பிடித்தேன். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

"சரிங்கம்மா, மில்ல ஓட்டுங்க" என்றேன்.

நாராயணம்மா அசையவில்லை.

"எப்பிடித் தம்பி ஓட்டறது? பூசை போட்டிருக்குதில்ல?"

ஆயுத பூஜை அன்று பொட்டு வைத்த சாமானை எவனாவது தொடுவானா? மறுநாள் விடிந்து, மறுபூஜை போட்டு எடுத்த பிறகுதான் தொடலாம். லேத் பட்டறையிலிருந்து பஞ்சர் கடை வரை எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் படப்பிடிப்புக்காக நாராயணம்மா மில்லுக்கு முழு பூஜையே போட்டுவிடுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஜோடித்து வை என்றதும், ஸ்டுடியோவில் மணப்பெண்ணை நிறுத்திப் போட்டோ எடுப்பதுபோல மில்லையும் நிறுத்தி எடுப்பேன் என்று நினைத்துவிட்டார். கல் ஓட வேண்டும், மாவு கொட்ட வேண்டும் என்று முதல் நாள் கேட்டதே அவர்தான். பூஜை வேகத்தில் அது மறந்துபோயிற்று.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. "நாளைக்கி என்கிட்ட கேமரா இருக்காதுங்க. மோட்டாருக்கு வேணுங்கிற மூணு பேஸ் கரண்ட்டும் மத்தியானத்தோட போயிடும். சும்மா கொஞ்ச நேரம் ஓட்டுங்க, போதும்" என்று கெஞ்சினேன்.

"தானியம் போடாம ஓட்டுனா கல்ல கல்லே தின்னும் தம்பி. அதுவுமில்லாம, சாமிக்கு வெச்சதைப் படங்காட்டறதுக்கு எடுக்கறதா? அது தப்பு."

"என் கேமராவுக்குந்தான் பொட்டு வெச்சிருக்குது. நான் எடுக்கலியா?"

"அது உன் மிசினு. உன் சாமிகிட்ட நீ பேசிக்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே மில்லும் அவர், பூசாரியும் அவர். யாரிடம் போய் முறையிடுவது? நான் வாசல்படியில் போய் உட்கார்ந்தேன். மாரிசாமி லைட்டைப் பிடித்தபடியே நின்றார், கீழே வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாராயணம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபோது மஞ்சளும் சேர்ந்து வந்தது. "எம் புத்தியிலயே மண்ணு. ஊரையே வராதேன்னு வேற சொல்லிட்டு வந்துட்டேன்" என்று முணுமுணுத்தார்.

"யாராச்சும் வந்தா மட்டும் ஓட்டிடுவீங்களாக்கும்?" என்று எரிச்சலில் கேட்டேன்.

அவர் யோசிக்காமல் பதில் சொன்னார். "ஒலை வெச்சுட்டு வந்தவங்களுக்கு ஓட்டலாம். இந்தம்மா வீட்டு அய்யா காலத்துல இருந்தே அப்பிடித்தான். ஒரு ஆயுத பூசை அன்னிக்கி ஒரு பொம்பள அழுதுட்டே ஓடி வந்தா. அடுப்புல தண்ணி கொதிக்குது, களி கிண்ட வூட்டுல மாவில்லன்னா. அய்யா மால பொட்டோட மிசின ஓட்டி அரைச்சுக் குடுத்தாரு. பசிக்கு முன்னாடி பூசை என்னாடா பூசைன்னாரு. நானுந்தான் அன்னிக்கி இங்க பெருக்கிட்டிருந்தேன்."

மங்கம்மா நிமிர்ந்து பார்த்தார். இறந்துபோன கணவரின் பேச்சை இன்னொருவர் வாயால் கேட்டதாலோ என்னவோ, அவர் முகம் மாறியது. சற்று நேரம் அந்தத் தகரத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து வெளியே நடந்தார்.

"கோவிச்சுக்கிட்டாங்களா?" என்று நாராயணம்மா பதறினார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கேமராவைப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தேன்.

பெட்டியை மூடும்போது மாரிசாமி வாசலிலிருந்து, "ஏய், இங்க பாரு!" என்று கத்தினார்.

மங்கம்மா ரோட்டில் வந்துகொண்டிருந்தார். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் ஒரு பெரிய தகர டின்னைத் தாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க வந்தார். பெரிய வீட்டு அம்மாள் டின் சுமந்து போவதைப் பார்க்க ரோட்டோரக் கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே உள்ளே வந்து டின்னை நாராயணம்மாவின் காலடியில் இறக்கினார். டின் நிறைய ராகி.

"எங்கூட்டு அடுப்புல ஒலை கொதிக்குது. மாவில்ல. அரைச்சுக் குடு."

நாராயணம்மா டின்னைப் பார்த்து, "போன வாரந்தான் கெலமங்கலத்துல இருந்து..." என்று இழுத்தார்.

"அது மாட்டுத் தொட்டியில கெடக்குது. இப்பத்தான் கொட்டிட்டு வரேன். போய்ப் பாரு, பசுமாடு குடிச்சிட்டிருக்கும்."

மாரிசாமி சிரித்துவிட்டார். மங்கம்மா சிரிக்கவில்லை.

"ஏமே நாராயணம்மா, நட்டது நீ. அறுத்தது நீ. களத்துல அடிச்சுப் பொடைச்சுக் குடுத்தது நீ. மாவாக்கறதுக்கு மட்டும் கெலமங்கலம் போவணுமா? இத்தன வருசமா எனக்குத் தெரியாம இல்ல. வூட்டுல பேச்சு வருமேன்னு வாய மூடிட்டிருந்தேன். நீயும் கேக்கல. நீ ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது."

"நீங்க சாவி குடுத்தீங்கம்மா" என்றார் நாராயணம்மா.

"சாவி குடுத்தா மட்டும் போதுமா? கரண்ட்டு போயிடப் போவுது. ஓட்டு."

நாராயணம்மா மில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ராகியைத் தொட்டியில் கொட்டி, ஸ்விட்ச்சில் இருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்தார். நான் கேமராவை எப்படித் தோளில் ஏற்றினேன் என்று எனக்கே தெரியாது. மோட்டார் உறுமியது, பெல்ட் ஓடியது, தொட்டியில் போட்டிருந்த மாலை ஆட ஆரம்பித்தது. ராகி மடமடவென்று இறங்கி, கீழே துணிக்குழாய் வழியாக டின்னுக்குள் சூடாக மாவு கொட்டியது. நாராயணம்மா வழக்கம்போல ஒரு விரலால் மாவைத் தடவிப் பதம் பார்த்தார். மங்கம்மாவும் கையை நீட்டினார். இரண்டு கைகளும் ஒரே மாவுக்குள் இருந்தன. சுண்ணாம்பு நீலச் சுவரும், ஊதாச் சேலையும், கனகாம்பரமும் எல்லாம் கொஞ்ச நேரத்தில் மாவால் வெளுத்துப்போயின. நாராயணம்மாவின் புருவம் பழையபடி ஆனது. கழுவித் துடைத்து ஆஸ்பத்திரி மாதிரி இருந்த இடம் திரும்பவும் மில் ஆயிற்று. மாரிசாமி லைட்டை மட்டும் ஆடாமல் பிடித்திருந்தார், கண்ணீரைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. எனக்கும்தான்.

அந்தப் படம் ஒரு வெள்ளிக்கிழமைச் சாயங்காலப் படத்துக்கு நடுவே ஓடியது. பேச்சு ஒன்றும் அதில் கேட்காது, மில் சத்தம்தான். கடைசியில் 'நாராயணம்மா ராகி மில், உத்தனப்பள்ளி' என்று எழுத்து போட்டேன். மறுநாளே லைன் வீட்டுப் பெண்கள் வழி கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ராகியில் என்ன செய்வது என்று தெரியாமல் வந்தவர்களுக்கு நாராயணம்மா களி கிண்டவும் அடை தட்டவும் சொல்லிக் கொடுத்தார். படத்தைப் பார்த்த மற்ற கடைக்காரர்களும் என்னைத் தேடி வந்தார்கள். நான் இன்று வீடு கட்டிக் குடியிருப்பதற்கு அந்த டின் ராகிதான் ஆரம்பம்.

ஆனால் நாராயணம்மா எதிர்பார்த்தது லைன் வீட்டை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். மங்கம்மாவுக்கு வீட்டில் என்ன நடக்குமோ என்று அவர் பயந்துகொண்டும் இருந்தார். படம் ஓடிய அடுத்த வாரம் ஒருநாள், கேபிள் வயரைச் சரிபார்க்க மில் வாசலில் ஏணி போட்டு நின்றிருந்தேன். மொபெட் சத்தம் கேட்டது. கோவிந்தப்பன் வந்து இறங்கினார். பின்னால் ஒரு மூட்டை கட்டியிருந்தது.

உள்ளே நாலைந்து பெண்கள் டின்னோடு நின்றிருந்தார்கள். கோவிந்தப்பன் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

"இங்க ராகி அரைப்பாங்களா?" என்று கேட்டார்.

அவருடைய அண்ணன் கட்டிய மில்லில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா அது? ஏணியில் இருந்த எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. நாராயணம்மா சிரிக்கவில்லை.

"அரைப்போங்க. எறக்கி வெய்ங்க. முன்னாடி வந்தவங்களுக்கு முடிச்சுட்டுப் போடறேன்."

அவர் வரிசையில் நின்றார். அரைத்து முடித்து மாவு மூட்டையைக் கட்டும்போது, மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கி மத்தியானம் களி நல்லா இருந்துச்சு. அண்ணி ஒண்ணியும் சொல்லல. டிவியில பாத்தப்புறந்தான் இங்க அரைச்சதுன்னு தெரிஞ்சுது." மூட்டையின் முடிச்சை இறுக்கினார். "அண்ணன் இருந்தப்ப சாப்பிட்ட மாதிரியே இருந்துச்சு."

சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்துக் கிளம்பினார். நாராயணம்மா வாசல் வரை வந்து, வண்டி வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மங்கம்மா வீடு இருக்கிற பக்கம் திரும்பி, மாவு படிந்த கையை எடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி," என்று மேலே பார்த்து என்னைக் கூப்பிட்டார். "கதிரு அறுத்த கைக்கு இன்னிக்கித்தான் கூலி வந்துது."

உள்ளே யாரோ, "அக்கா, என் டின்னு நிக்குது" என்று குரல் கொடுத்தார்கள். நாராயணம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லை ஓட்டப் போனார்.